ஜெசிந்தாவின் கைப்பேசியில் நான் கண்டது

ஜூன் 3, திங்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து எதிர்பார்த்த சுற்றறிக்கை வந்துவிட்டது. எங்கள் தூத்துக்குடிக் கிளையின் ஆவணப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் ஒருவர் நியமிக்கப்படவிருக்கிறார். வெளியிலிருந்து ஆள் எடுப்பதற்கு முன்னர், தற்போது பணிபுரிவோருக்கு ஆங்கில வாசிப்புத் தேர்வு ஒன்று நடத்தப்படும். தகுதியுடையோர் இருவர். ஒருவர் நான். மற்றவர் ஜெசிந்தா மோத்தா.

நான் இக்கப்பல் முகவர் நிறுவனத்தில் தற்காலிகத் தட்டச்சராக நுழைந்து, ஆவண உதவியாளராக உயர்ந்தவள். எட்டாம் வகுப்போடு என் பள்ளி வாழ்வு முடிந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது, இளங்கலை ஆகிய மூன்றையும் திருமணத்திற்குப் பின் தபால் வழியாக முடித்தேன். ஆங்கிலத்தை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. சரக்குப் பட்டியல்களைப் படித்துப் படித்து நானே கற்றேன். ‘பட்டர்ஃப்ளை’ என்ற சொல்லை அறிவதற்கு முன்பே, அழுகும் சரக்கைக் குறிக்கும் ‘பெரிஷபிள்’ என்ற சொல்லை அறிந்திருந்தவள் நான் என்பதைப் பெருமையுடன் பதிவு செய்கிறேன்.

ஜெசிந்தாவோ கான்வென்டில் படித்தவர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். கப்பல் கேப்டன்களுடன் தொலைபேசியில் ஆங்கிலத்திலேயே சிரித்துப் பேசுவார்.

பயிற்சிக்கென்று வந்திருக்கும் தாள்களில் கப்பலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதல் தாள் ஆக்டோபஸைப் பற்றியது. மேலாளர் சொர்ணராஜ் அவர்களிடம் காரணம் வினவினேன்.

“வெளிநாட்டுக் கூட்டாளி கம்பெனி ரூல் மேடம். தொழில் பத்திக் குடுத்தா வாசிக்காமலே பதில் எழுதிருவோமாம். அதான் மிருகம், செடி, கொடின்னு அனுப்புதாங்க” என்றார்.

மதிய உணவின்போது ஜெசிந்தா என் மேசைக்கு வந்தார். “எக்கா, ரெண்டு பேரும் சேந்தே பிராக்டீஸ் பண்ணுவோமா? நீங்க சத்தமா வாசிங்க. நான் கேக்கேன்.”

கான்வென்ட் ஆங்கிலம் பேசுபவர் என்னை வாசிக்கச் சொல்வது எதற்காக? சம்மதித்தேன். காரணத்தை அருகிலிருந்துதான் அறிய முடியும்.

ஜூன் 5, புதன்

பழைய கோப்புகள் வைத்திருக்கும் அறையில், ஜன்னலோரம் அமர்ந்து முதல் பயிற்சி. அந்த இடம்தான் வேண்டுமென்று ஜெசிந்தா பிடிவாதம் பிடித்தார். அங்கே வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது.

ஒவ்வொரு பத்திக்கும் கீழே சில வாக்கியங்கள் தரப்பட்டுள்ளன. பத்தியின்படி அது ‘சரி’யா, ‘தவறா’, அல்லது ‘கூறப்படவில்லை’யா என்று குறிக்க வேண்டும். ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள் என்பது சரி. ‘ஆக்டோபஸ் மனிதர்களை வெறுக்கிறது’ என்ற வாக்கியத்திற்கும் சரி என்று குறித்தேன். மனிதரைக் கண்டதும் மையைப் பீய்ச்சிவிட்டு ஓடுகிற பிராணி வேறு என்னதான் நினைக்கும்? மேலாளர் பிறகு தந்த விடைக்குறிப்பில் ‘கூறப்படவில்லை’ என்றிருந்தது.

“பத்தியில என்ன இருக்கோ அத மட்டும் பாருங்கக்கா. நீங்க உங்க மனசுல உள்ளத எழுதுதிய” என்றார் ஜெசிந்தா.

அறிவுரை! என் வாசிப்பைக் கேட்டே பதிலளித்த அவர் என்னைவிட அதிக மதிப்பெண் பெற்றார். தாளை ஒருமுறையேனும் அவர் குனிந்து பார்க்கவில்லை.

ஜூன் 7, வெள்ளி

எரிவாயு உருளை தீர்ந்தது. என் கணவர் சுடலைமுத்து, தாம் வேலை பார்க்கும் லாரி செட்டிலிருந்து அடுப்பொன்றை இரவல் வாங்கி வந்தார். “என்ன மேடம், இன்னைக்கு எந்த மிருகம்?” என்று கேட்டுக்கொண்டே நுழைவது அவரது புதிய வழக்கம்.

ஆமை என்றேன். முட்டை கிடக்கும் மணலின் சூட்டைப் பொறுத்து ஆண் குஞ்சா, பெண் குஞ்சா என்பது அமையுமாம்.

“அப்ப நம்ம ஊரு மணலுக்கு அத்தனையும் பொட்டப் பிள்ளையாத்தான் பொறக்கும்” என்றார். பத்தியும் அதையேதான் சொல்கிறது. அதை அவரிடம் நான் தெரிவிக்கவில்லை.

ஜூன் 12, புதன்

இன்று நடந்ததை உள்ளபடியே எழுதுகிறேன். மீன் மார்க்கெட்டில் சாளை வாங்கிக்கொண்டு நிற்கையில், ஜெசிந்தா எதிரே வந்தார். கையை நீட்டினால் தொடலாம், அவ்வளவு அருகில். நான் புன்னகைத்தேன். அவர் என்னை நேராகப் பார்த்துக்கொண்டே கடந்துபோனார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“ஜெசிந்தா” என்று அழைத்தேன்.

“அட, எக்கா! நீங்களா!” என்று உடனே திரும்பி என் கையைப் பற்றிக்கொண்டார். அந்த மகிழ்ச்சி அத்தனை இயல்பாக இருந்தது. ஒரு நொடிக்கு முன் என்னை மண்ணாக மதித்த முகத்தில் அவ்வளவு விரைவாக மகிழ்ச்சியை வரவழைப்பது எல்லோருக்கும் கைவரக்கூடியதன்று.

தம் ஸ்கூட்டரை விற்றுவிட்டதாகவும் சொன்னார். “பெட்ரோல் விக்கிற வெலையில யாரால ஓட்ட முடியும்?” என்றார். நான் கேட்கவே இல்லை. கேளாமலே காரணம் சொல்பவரை நான் நம்புவதில்லை.

ஜூன் 14, வெள்ளி

குயில். காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போவது. ‘குயில் வேண்டுமென்றே ஏமாற்றுகிறது’ என்ற வாக்கியத்திற்கு நான் சரி என்றேன். விடை: கூறப்படவில்லை. விடைக்குறிப்பைத் தயாரித்தவர் நம் நாட்டுக் குயிலைக் கண்டதில்லை போலும்.

“குயிலோட மனசுக்குள்ள பத்தி எழுதுனவிய எறங்கிப் பாத்தாவளாக்கும்?” என்று ஜெசிந்தா சிரித்தார்.

சிரிக்கும்போதும் அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் காதைப் பார்க்கிறார். சில நேரம் என் தோளுக்கு அப்பால் பார்க்கிறார். அண்மைக்காலமாகத்தான் இப்படி. கண்ணோடு கண் நோக்க இயலாதவர் நெஞ்சில் எதையோ மறைக்கிறார் என்பது என் துணிபு.

ஜூன் 19, புதன்

அலுவலகத்தில் இன்று தேநீர் கொண்டுவரும் பையன் வரவில்லை. ஜெசிந்தாவே பிளாஸ்கிலிருந்து எனக்கு ஊற்றிக் கொடுத்தார். ஊற்றும்போது டம்ளரின் விளிம்புக்குள் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டார். தேநீர் விரலைத் தொட்ட பின்புதான் நிறுத்தினார். கான்வென்டில் ஆங்கிலம் கற்பித்தவர்கள் சுகாதாரத்தைக் கற்பிக்கவில்லை. அந்தத் தேநீரை நான் அருந்தவில்லை.

ஜூன் 20, வியாழன்

ஜெசிந்தா மேலாளரின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார். பிற்பகல் அவர் மேசைக்குப் பெரிய கணினித் திரை ஒன்று வந்து இறங்கியது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அதே பழைய சிறு திரைதான்.

“தலைவலிக்குன்னு சொன்னேன், சார் குடுத்துட்டாரு” என்றார் என்னிடம். நான் இம்முறையும் கேட்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

பூச்சிகளை வழுக்கி விழச்செய்து உண்ணும் குடுவைச் செடி. நான் பத்தியை ஒரே முறை வாசித்தேன். பின்னர் கேள்விகளுக்கு வந்தபோது, ஜெசிந்தா மூன்றாவது வரியையும் கடைசிக்கு முந்தைய வரியையும் சொல் மாறாமல் திருப்பிச் சொன்னார். கண்கள் ஜன்னலுக்கு வெளியே துறைமுகக் கிரேன்கள் மீது இருந்தன.

“எப்படி ஞாபகம் இருக்கிறது?” என்றேன்.

“நீங்க வாசிச்சா மனசுல நிக்குதுக்கா.”

என் உச்சரிப்பைப் பற்றி எனக்கு மயக்கம் எதுவும் கிடையாது. ஒருமுறை கேட்டு ஒரு பத்தியை மனத்தில் நிறுத்த எவராலும் இயலாது. ஆகவே அவர் அந்தப் பத்தியை முன்கூட்டியே படித்திருக்கிறார். தாள்கள் திங்கட்கிழமை காலைதான் மேலாளருக்கு வருகின்றன. அப்படியானால் யார் கொடுக்கிறார்கள்?

ஜூன் 25, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. தண்ணீர் லாரியும் வரவில்லை.

ஜூன் 27, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

உணவு முடிந்து கை கழுவிவிட்டுக் கோப்பறைக்குத் திரும்பியபோது, ஜெசிந்தா ஜன்னலருகே எனக்கு முதுகு காட்டி நின்றார். தாளைக் கைப்பேசியால் படம்பிடித்தார். பின் அந்தக் கைப்பேசியைக் கன்னத்தோடு ஒட்டினாற்போல் வைத்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, எதையோ களவாகப் பார்ப்பவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெல்ல அருகே சென்றேன். திரையில் எழுத்துகள் தெரிந்தன. மிகப் பெரிய எழுத்துகள். ஒரே ஒரு சொல் திரை முழுவதையும் நிறைத்திருந்தது.

என் காலடி கேட்டதும் கைப்பேசியை அணைத்துச் சேலை முந்தானைக்குள் மறைத்தார். “யாரு?” என்றார். யாரு! பக்கத்தில் நிற்பவளைப் பார்த்து!

“நான்தான்.”

“ஓ. வீட்டுல இருந்து போன்க்கா. அம்மாவுக்குச் சொகமில்ல.”

அழைப்பு வந்திருந்தால் காதில் அல்லவா வைத்திருக்க வேண்டும்? படம்பிடித்து யாருக்கோ அனுப்புகிறார். யாரோ விடையைப் பெரிய எழுத்தில், ஒவ்வொரு சொல்லாக, திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு சங்கிலியின் கண்ணிகள் அனைத்தும் இப்போது என் கையில் இருக்கின்றன.

ஜூலை 1, திங்கள்

தேர்வு வெள்ளிக்கிழமை என்று அறிவிக்கப்பட்டது.

நான் இந்தப் பதவியை எதற்காக விரும்புகிறேன் என்பதை எழுதிவைக்க விழைகிறேன். சம்பளத்திற்காக மட்டுமன்று. மேற்பார்வையாளரின் பெயர் ஆவணங்களின் அடியில் அச்சாகும். ‘சரிபார்த்தவர்: எஸ். நெல்லைவடிவு’. என் பெயர் கப்பல் ஏறி ஆன்ட்வெர்ப்புக்கும் ரோட்டர்டாமுக்கும் போகும். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்திய என் தகப்பனார் இன்று இல்லை. இருந்திருந்தாலும் அவருக்கு அது விளங்கியிராது.

ஜூலை 3, புதன்

புகார் மனுவை இரு வரைவுகளுக்குப் பின் நேற்றிரவு செப்பம் செய்தேன். முக்கியப் பகுதி வருமாறு: ‘மேற்படி ஜெசிந்தா மோத்தா அவர்கள் பயிற்சித் தாள்களுக்கான விடைகளை முறையற்ற வழியில் தமது கைப்பேசியில் பெற்று வைத்திருப்பதை நான் நேரில் கண்டேன் என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொணர்கிறேன்.’

வாக்கியத்தின் ஓட்டம் எனக்கே நிறைவளித்தது. என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“நேர்ல கண்டேன்னு போட்டிருக்கியே. என்னத்தக் கண்டே?” என்றார்.

“எழுத்தைக் கண்டேன்.”

“என்ன எழுத்து?”

“பெரிய எழுத்து.”

“ஏட்டி, பெரிய எழுத்தெல்லாம் பதிலாயிருமா? அப்ப நம்ம லாரி முதுகுல எழுதியிருக்கதும் பதிலுதான்.”

“உங்களுக்கு அலுவலக நடைமுறை தெரியாது” என்று முடித்துக்கொண்டேன்.

இன்று காலையில் மனுவை மேலாளரிடம் நேரில் அளித்தேன். அவர் இரண்டு முறை படித்தார். “ஜெசிந்தாவா?” என்றார். பின், “சரி, வெள்ளிக்கிழம என் ரூம்லயே வெச்சுக் கண்டுபிடிச்சிருவோம். ரெண்டு பேரும் போன வெளியில வெச்சுரணும். யாருக்கும் இத வெளியில சொல்லாதீங்க மேடம்” என்றார்.

மதியம் வழக்கம்போல் ஜெசிந்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். மின்மினிப் பூச்சி. ஏன் என்று தெரியவில்லை, வழக்கத்தைவிட வேகமாக வாசித்தேன்.

ஜூலை 5, வெள்ளி

தேர்வு நடந்தது. தேர்வை நான் நன்றாகவே எழுதினேன்.

பத்தி கடல் அட்டையைப் பற்றியது. ஆபத்து வந்தால் தன் குடலையே வெளியே துப்பிவிட்டுத் தப்பித்து, பிறகு அதை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் பிராணி. பொடி எழுத்து. மங்கலான நகல். மேலாளர் எங்களுக்கு எதிரே அமர்ந்திருந்தார். கைப்பேசிகள் வெளியே வரவேற்பு மேசையில் இருந்தன.

நான் தாளைவிட ஜெசிந்தாவை அதிகம் கவனித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கையும் களவுமாகப் பிடிபடும் தருணத்தைக் காண விரும்பினேன்.

அவர் தாளை எடுத்தார். கன்னத்தருகே கொண்டுபோனார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். மறு பக்கம் சாய்த்தார். தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஜன்னலில் திரை போட்டிருந்தது. முதல் வாக்கியத்தின் எதிரே குறியிடப் பென்சிலை வைத்தார். பென்சில் கட்டத்தைவிட்டு வெகுதூரம் தள்ளி மேசையின் மேல் பட்டது. விரலால் தாளின் ஓரத்தைத் தடவிக் கட்டத்தைத் தேடினார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் தாளின் மேல் விரித்து வைத்துக்கொண்டு, கோவிலில் உட்கார்ந்திருப்பவர் போல, நேரம் முடியும்வரை அசையாமல் இருந்தார்.

வெள்ளைத் தாளைக் கொடுத்தார்.

“என்ன ஜெசிந்தா இது?” என்றார் மேலாளர்.

“எழுத முடியல சார்.”

“போன் இல்லைன்னா ஒரு வரிகூட எழுத முடியலையோ?” என்றவர், என் பக்கம் திரும்பி, “மேடம் சொன்னது சரியாத்தான் இருக்கு” என்றார்.

என் புகாரைப் பற்றி ஜெசிந்தா அப்போதுதான் அறிந்தார். என் பக்கம் திரும்பினார். என் காதைப் பார்த்தார். எதையும் மறுக்கவில்லை.

மாலையில் வீட்டில், குறிப்பிட்ட காரணம் ஏதுமின்றி, கண்களை மூடிக்கொண்டு ஒரு டம்ளரில் தேநீர் ஊற்றிப் பார்த்தேன். பாதி மேடையில் வழிந்தது. மறுபடி ஊற்றினேன். விரலை விளிம்பில் வைத்துக்கொண்டபோதுதான் எங்கே நிறுத்துவது என்று தெரிந்தது.

“என்ன வடிவு, கண்ணு மூடிக்கிட்டு சர்க்கஸ் காட்டுதியா?” என்றார் என் கணவர்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

ஜூலை 6, சனி

ஜெசிந்தாவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுக்கப்பட்டது. திங்கட்கிழமைக்குள் எழுத்துமூலம் பதில் அளிக்காவிடில் அவரது பணி ஒப்பந்தம் ரத்து செய்யப்படும். எனக்கு மேலாளர் கைகொடுத்தார். “சென்னைக்குச் சொல்லியாச்சு மேடம். நீங்கதான்” என்றார். நன்றி தெரிவித்தேன்.

ஜெசிந்தா மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். மாதா படத்தைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

ஜூலை 7, ஞாயிறு

ஜெசிந்தாவின் வீடு கடற்கரைச் சாலைக்கு உள்ளே, குறுகலான தெருவில். பூசை முடிந்து வந்திருப்பார் என்று கணித்துச் சென்றேன். வாசலில் அவர் அண்ணன் என்னை யாரென்று விசாரித்தார். பெயரைச் சொன்னதும் உள்ளே கூப்பிடாமல் போய்விட்டார். நான் நின்றேன். சிறிது நேரம் கழித்து ஜெசிந்தாவே வந்தார்.

“யாரு?”

“வடிவு.”

“வாங்க மேடம்.”

மேடம். ‘எக்கா’ என்ற சொல் எங்கோ போய்விட்டது. அது சென்ற இடத்தை நான் கேட்கும் நிலையில் இல்லை.

வழியெல்லாம் ஒரு நல்ல வாக்கியத்தை யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். வாயிலிருந்து வந்தது வேறு. “ஒனக்குக் கண்ணுல என்ன?”

அவரை நான் ‘நீ’ என்றது அதுவே முதல்முறை. அவர் கதவைச் சாத்தினார்.

“நடுவுல மட்டும் அழிச்சு வெச்ச மாதிரி இருக்கும். ஓரமெல்லாம் தெரியும். நீங்க இப்ப நிக்கிய. ஒங்க மொகம் இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணுமில்ல. கொஞ்சம் தள்ளிப் பாத்தா காதும் கம்மலும் தெரியுது.”

“எப்பருந்து?”

“போன வருசத்துல இருந்து. மதுரையில காட்டியாச்சு. முழுசா இருட்டாகாதுன்னு சொல்லுதாங்க. ஆனா போன கண்ணு வராது. போன்ல போட்டோ எடுத்துப் பெருசாக்கி, ஒவ்வொரு வார்த்தையா வாசிப்பேன். கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான். ஒங்க சத்தம் கேட்டுக் கேட்டு மனசுல வெச்சுக்கிட்டேன். பரிச்சையில போன் விடுவாங்கன்னு நம்பிட்டேன்.”

“சாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் முடிந்தது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டம் இருக்கிறது” என்றேன். பதற்றத்தில் எழுத்து நடை வந்துவிடுகிறது எனக்கு.

“சட்டம் இருக்கு மேடம். அந்தச் சட்டம் வந்து என் கான்ட்ராக்ட புதுப்பிக்குமா? சரிபாக்க வேண்டிய எடத்துல கண்ணு தெரியாத ஒருத்திய எவன் வெச்சுக்கிடுவான்? திருடின்னு அனுப்புனா, தெரியாத ஆபீஸ்ல போயி வேல கேக்கலாம். கண்ணு தெரியலன்னு அனுப்புனா இந்த ஊருல எல்லா ஆபீஸுக்கும் மறுநாளே தெரிஞ்சிரும். அம்மா மருந்துக்கு யாரு குடுப்பா? அதனாலதான் அன்னைக்கு வாயத் தொறக்கல. நீங்களும் தொறக்கப்படாது.”

நான் தலையசைத்தேன். அவருக்கு அது தெரியாது என்று பிறகே உறைத்தது. “சொல்ல மாட்டேன்” என்றேன்.

“பரிச்சையில என்ன பத்தி வந்துச்சு? அதாவது சொல்லுங்க.”

“கடல் அட்டை.”

சட்டென்று சிரித்துவிட்டார். “அட்டையா? யாத்தே! கவர்மெண்டு தடை போடுததுக்கு முந்தி எங்க அப்பா வள்ளம் வள்ளமா அள்ளிக் கொண்டாந்தது. தெரிஞ்சிருந்தா கண்ண மூடிக்கிட்டே எழுதியிருப்பேனே!”

அவர் சிரித்தார். என்னால் இயலவில்லை.

வாசல்வரை வந்தவர், நான் படியிறங்கும்போது கேட்டார்: “ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நெசமாவே பதில் வருததப் பாத்தேன்னா எழுதுனிய?”

“ஆமாம்.”

“பாத்தியளா?”

பேருந்து வந்துவிட்டது என்று சொல்லி விடைபெற்றேன். அந்தத் தெருவில் பேருந்து வராது.

ஜூலை 8, திங்கள்

விடியற்காலையிலேயே எழுந்து எழுத அமர்ந்தேன். முதல் வரைவில், ‘எதிர்பாராத புரிதல் பிறழ்வின் காரணமாக மேற்படி புகாரில் சில விவரங்கள் துல்லியமின்றி இடம்பெற்றுவிட்டன’ என்று எழுதினேன். அழகான வாக்கியம். அதில் எவரும் எதுவும் செய்யவில்லை. விவரங்கள் தாமாகவே நடந்து வந்து இடம்பெற்றுவிட்டன.

கிழித்தேன்.

இரண்டாவது வரைவு: ‘ஜெசிந்தா மோத்தா விடைகளைப் பெற்றதை நேரில் கண்டதாக எழுதினேன். நான் அப்படி எதையும் காணவில்லை. பதவிக்காகப் பொய் எழுதினேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.’

பதவிக்காக என்பது முழு உண்மையன்று. எழுதும்போது அதை உண்மையென்றே நம்பினேன். ஆனால் நம்பினேன் என்று எழுதினால், ஏன் நம்பினேன் என்று கேட்பார்கள். கன்னத்தருகே கைப்பேசி என்று நான் சொல்ல, அடுத்த கேள்வி அவர் கண்ணைப் பற்றியதாகவே இருக்கும். பொய் என்று எழுதினால் கேள்வி என்னோடு நின்றுவிடும்.

என் கணவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். கேலி செய்வார் என்று காத்திருந்தேன். “இட்லி ஆறுது. தின்னுட்டுப் போ” என்றார்.

மேலாளர் மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“மேடம், இது என்னன்னு தெரிஞ்சுதான் குடுக்கிறீங்களா? போஸ்டிங் போயிரும். மெமோ வரும். பொய் புகார்னு உங்க ஃபைல்ல ஏறும்.”

“தெரியும் சார்.”

“சரி, அந்தப் பொண்ணு ஏன் வெள்ளைத் தாளக் குடுத்துச்சு? அதுக்குப் பதில் சொல்லுங்க. வாயில இங்கிலீஷ் தண்ணி மாதிரி வருது. பேப்பர்ல ஒரு டிக் அடிக்க முடியலையா?”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நன்கு தெரிந்த ஒன்றைப் பற்றி அவர் கேட்டார். என் வாழ்நாளில் அதுவரை எந்தக் கேள்விக்கும் நான் சொல்லாத பதிலைச் சொன்னேன்.

“தெரியாது சார்.”

“தெரியாதா?”

“எனக்கு எதுவும் தெரியாது சார்.”

மனுவை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். பின், ஜெசிந்தாவுக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். “ஆனா இனி ரெண்டு பேருக்கும் இந்த போஸ்ட் கெடையாது. மெட்ராஸ்ல இருந்து ஆள் வரும். நல்லா இருக்கீங்களா?” என்றார். அந்தக் கடைசிக் கேள்வியின் பொருள் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

மெமோ வந்தது. அதில் இரண்டு எழுத்துப் பிழைகள். சுட்டிக்காட்டவில்லை. ஒப்பமிட்டேன்.

ஜெசிந்தா வேலைக்குத் திரும்பியிருக்கிறார். நான் பொய்ப் புகார் கொடுத்தவள் என்பது அலுவலகம் முழுவதும் பரவிவிட்டது. என்னோடு எவரும் உணவருந்துவதில்லை. ஜெசிந்தாவும் இல்லை.

ஜூலை 15, திங்கள்

மதியம் கோப்பறையில் தனியாக உணவருந்திக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா வந்து ஒரு தாளை என் டிபன் பாக்ஸுக்கு அருகே வைத்தார். சரக்கு அனுப்பும் உத்தரவு. நகலின் நகல். மங்கல்.

“இதுல கன்டெய்னர் நம்பர் போன்லயும் தெரிய மாட்டேங்குது. வாசிங்க.”

வாசித்தேன்.

“மெதுவா. ஓடுதிய.”

மீண்டும் மெதுவாக வாசித்தேன். முடிந்ததும் எழுந்து போனார். கதவருகே நின்று, “ஒங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சிராதிய மேடம். வேலைக்கு வேண்டி வந்தேன்” என்றார்.

“அது எனக்குத் தெரியும்” என்றேன்.

ஜூலை 24, புதன்

சென்னையிலிருந்து புதிய மேற்பார்வையாளர் வந்துவிட்டார். பெயர் பிரசன்னா. முப்பது வயதிருக்கும். வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி இருக்கிறது. வந்த உடனே ஒவ்வொருவர் பின்னாலும் நின்று வேலையைப் பார்க்கிறார்.

ஜெசிந்தாவின் நாற்காலிக்குப் பின்னால் மட்டும் நெடுநேரம் நின்றார்.

ஜூலை 26, வெள்ளி

மாதா கோவிலில் இன்று கொடியேற்றம். ஜெசிந்தா அரைநாள் விடுப்பில் புறப்படும் தறுவாயில், பிரசன்னா ஒரு ஷிப்பிங் பில்லை நீட்டினார். “ஜெசிந்தா, இந்த கன்சைனி அட்ரஸ் கொஞ்சம் சத்தமா ரீட் பண்ணுங்க. நான் செக் பண்ணிக்கறேன்.”

அறை முழுவதும் கேட்கும்படி. வேண்டுமென்றேதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஜெசிந்தாவின் கை தாளை வாங்கியது. அவர் முகம் சற்றே பக்கவாட்டில் திரும்பத் தொடங்கியது. நான் எழுந்து சென்று அந்தத் தாளை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

“மன்னிக்க வேண்டும். இந்தக் கோப்பு என் பொறுப்பில் உள்ளது. எனக்குத் தெரியாமல் இதை வேறொருவரிடம் வாசிக்கக் கொடுப்பது அலுவலக நடைமுறைக்கு முரணானது” என்றேன்.

“இல்ல மேடம், ஜஸ்ட் ஒரு அட்ரஸ்தான...”

“முகவரியாயினும் சரி.” வாசித்தேன். சரக்கைப் பெறுபவரின் முகவரியை, ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக, அஞ்சல் குறியீட்டு எண்வரை. அதன்பின் அனுப்புநர் முகவரியையும் வாசித்தேன். அதை அவர் கேட்கவில்லை. அடியில் இருந்த நிபந்தனைகளைத் தொடங்கியபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தம் அறைக்குப் போய்விட்டார். பின்னாலிருந்து யாரோ, “ஜெசிந்தாவ விடவே மாட்டாங்க போல” என்று முணுமுணுத்தார்கள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும்.

ஜெசிந்தா பையை எடுத்துக்கொண்டு என் மேசையைக் கடக்கும்போது தாழ்ந்த குரலில் சொன்னார்: “ஓவரா நடிக்காதிய மேடம். அந்தாளுக்குச் சந்தேகம் வந்துரும்.”

சந்தேகம் ஏற்கெனவே வந்துவிட்டது. அந்த மனிதர் எதையோ கவனிக்கிறார். அவர் கதவு இன்று பிற்பகல் முழுவதும் ஒரு விரற்கடை திறந்தே இருந்தது. அவர் அறைக்கும் ஜெசிந்தாவின் மேசைக்கும் நடுவே என் மேசையை மாற்றிப் போட்டுக்கொள்ள அனுமதி கோரி நாளை ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். காரணம்: காற்றோட்டம்.